அஞ்சலட்டையில் பூத்த மலர்கள்



நான் படப்பையில் வாழ்பவன். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் அது. அவ்வூரின் பெயரைச் சொன்னால் இன்று பலருக்கும் நினைவு வருவன ஒரகடத்துத் தொழிற்சாலைகளும், விடியுமுன்னே ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளுமே. ஆனால் படப்பை என்னும் சொல்லுக்குத் தோட்டம் என்று பொருள். மனையை அடுத்த கொல்லையையும், ஆற்றுநீர் பாயும் விளைநிலத்தையும் சங்கப் புலவர் படப்பை என்று வழங்கினர். தோட்டம் என்று பெயர் பூண்ட ஊரிலிருந்து வருபவன் மலர்களைப் பற்றிப் பேசுவது பொருத்தந்தான் என்று நிலையத்தார் எண்ணினர் போலும்.

நான் பேச வந்தது தோட்டத்து மலரைப் பற்றியன்று. தாளில் அச்சிட்ட மலரைப் பற்றி. 1981-ஆம் ஆண்டில் நான் சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மூர் மார்க்கெட்டுக்குச் சென்று பழைய புத்தகக் கடைகளைச் சுற்றி வருவது எங்களுக்கு ஒரு வழக்கம். 1985-இல் அவ்வங்காடி தீக்கு இரையாயிற்று. அதனை அறியாத தலைமுறையினராகிய நீங்கள் இழந்தது சிறிதன்று. அங்கே ஒரு நாள் இரண்டு ரூபாய் கொடுத்து வடிவக்கணித நூலொன்று வாங்கினேன். விடுதிக்கு வந்து பிரித்தபோது அதன் நடுவே ஒரு பட அஞ்சலட்டை இருந்தது. ஊதாவும் மஞ்சளும் கலந்த அகன்ற இதழ்களையுடைய மலர் மூன்று. அவற்றைச் சூழ்ந்து நீலநிறமான சிறு பூக்கள் பல. கீழே பிரெஞ்சு மொழியில் ஒரு வரி. பின்புறத்தில் எழுத்து ஒன்றும் இல்லை. யாரோ ஒருவர் வாங்கியிருக்கிறார், யாருக்கும் அனுப்பவில்லை.

அம்மலர்களை நான் அதற்குமுன் கண்டதில்லை. படம் அழகாக இருந்தது என்பதற்கு மேல் எனக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. பல ஆண்டுகள் கழித்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழி கற்பித்த பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். அவர் கண்ட அளவிலேயே சிரித்தார். ‘இதில் எழுத்தே வேண்டுவதில்லை, பூவே எழுத்து’ என்றார். பெரிய மலர் பான்சி. பிரெஞ்சு மொழியில் அம்மலருக்கும் நினைவு என்பதற்கும் ஒரே சொல். ஆகவே அம்மலரை அனுப்புவது ‘உன்னை நினைக்கிறேன்’ என்று சொல்வதாகும். சுற்றியிருந்த நீலப் பூவின் பெயரே ‘என்னை மறவாதே’ என்பது. ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் அதற்கு அப்பெயர் வழங்குகிறது. ‘நான் நினைக்கிறேன்; நீ மறவாதே’ என்னும் முழு வாக்கியம் ஒன்று அவ்வட்டையில் பூத்திருந்தது. நான் அதனை வெறும் படம் என்று பல்லாண்டுகள் புத்தகத்துள் வைத்திருந்தேன்!

எழுதவேண்டியதை எழுதாமல் ஏன் பூவைக் கொண்டு சொன்னார்கள்? இதற்கு விடை அஞ்சலட்டையின் இயல்பிலேயே இருக்கிறது. அட்டைக்கு உறை கிடையாது. உலகில் முதன்முதலாக அரசாங்க அஞ்சலட்டை வெளிவந்தது ஆஸ்திரிய-அங்கேரி நாட்டில், 1869-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள். நம் நாட்டில் 1879 ஜூலை முதல் நாள் காலணா விலையில் அது வந்தது. காலணாவில் செய்தி அனுப்பலாம் என்பது ஏழைகளுக்குப் பெரிய வரம். ஆனால் எழுதியதை எவரும் படிக்கலாம் என்பதும் அதனோடு சேர்ந்தே வந்தது. நம் சிற்றூர்களில் எழுத்தறியாதாருக்குத் தபால்காரரே அட்டையைத் திண்ணையில் அமர்ந்து உரக்கப் படித்துச் சொன்ன காலம் எனக்கு நினைவிருக்கிறது. அண்டை வீட்டாரும் கேட்பர், மாமியாரும் கேட்பார். அத்தகைய அட்டையில் இளைஞன் ஒருவன் தன் உள்ளத்தை எவ்வாறு எழுதுவான்?

இடமும் குறைவு. தொடக்கத்தில் அட்டையின் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியது. படம் அச்சிட்ட அட்டையாயின் படத்தின் ஓரத்தில் எஞ்சிய வெள்ளையிடத்தில்தான் இரண்டு வரி கிறுக்க வேண்டும். 1902-இல் பிரிட்டனில் முகவரிப் பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரித்து, ஒரு பாதியில் செய்தி எழுத இசைவு தந்தனர். பிற நாடுகளும் அடுத்த சில ஆண்டுகளில் அவ்வழியை மேற்கொண்டன. அதன்பின் படத்துக்கு ஒரு பக்கம் முழுவதும் கிடைத்தது. பட அட்டைகள் வெள்ளம்போற் பெருகின. சென்னையிலும் ஹிக்கின்பாதம்ஸ், வீல் அண்டு கிளைன் முதலிய நிறுவனங்கள் பட அட்டைகள் வெளியிட்டன. ஆனால் அவை பெரும்பாலும் கட்டடங்களையும் கடற்கரையையும் பலவகைத் தொழில் செய்வோரையும் காட்டுவன. கடல்கடந்த உறவினருக்கு ‘இதுதான் நான் இருக்கும் ஊர்’ என்று வெள்ளையர் எழுத உதவியவை. காதல் அட்டைகள் மேலைநாட்டிலேதான் மிகுதி. சிவப்பு ரோசா காதலுக்கு. வயலட் மலர் அடக்கத்துக்கு. பிரான்சில் மே முதல் நாளில் வழங்கும் மணிபோன்ற வெண்ணிறச் சிறுபூ நற்பேற்றுக்கு. முதல் உலகப் போர்க்காலத்தில் பிரெஞ்சுப் பெண்களும் பெல்ஜியப் பெண்களும் பட்டுத்துணியில் இம்மலர்களைப் பூத்தையலாகத் தைத்து, அட்டையில் ஒட்டி விற்றனர். போர்முனையிலிருந்த வீரர்கள் அவற்றை வாங்கி வீட்டுக்கு அனுப்பினர். குண்டு விழும் குழியில் நின்றவனுக்கு எழுதத் தோன்றாததைப் பான்சி மலர் எழுதிற்று. அஞ்சல்தலையைச் சாய்த்து ஒட்டுவதற்குக்கூட ஒரு பொருள் வைத்து, அதற்கு அகராதிபோல் அட்டை அச்சிட்டு விற்றார்கள் என்றால், மக்களின் ஆசையையும் வணிகரின் கெட்டிக்காரத்தனத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இம்மலர்மொழி ஐரோப்பாவுக்கு எங்கிருந்து வந்தது? 1718-ஆம் ஆண்டில் துருக்கியின் தலைநகரில் பிரிட்டிஷ் தூதரின் மனைவியாக இருந்த மேரி மாண்டேகு அம்மையார் தம் தோழிக்கு ஒரு கடிதம் எழுதினார். துருக்கிப் பெண்கள் மலர், கனி, கிராம்பு, முத்து முதலியவற்றைச் சிறு முடிப்பாகக் கட்டி அனுப்பி, மைதொடாமலே கடிதம் எழுதுகின்றனர் என்று அதில் வியந்துரைத்தார். அம்மொழியின் சூழ்ச்சி வேடிக்கையானது. பொருளின் பெயரோடு எதுகைபோல் இயையும் சொல்லிலேதான் கருத்து இருக்கிறது. துருக்கி மொழியில் பேரிக்காய்க்கு ‘அர்முத்’ என்று பெயர், நம்பிக்கைக்கு ‘உமுத்’. ஆகவே பேரிக்காய் அனுப்பினால் ‘எனக்குச் சிறிது நம்பிக்கை கொடு’ என்பதாகும். ஓசையைக் கழித்துவிட்டால் பேரிக்காயில் நம்பிக்கை ஏது?

அம்மையாரின் கடிதங்கள் அவர் மறைந்தபின் 1763-இல் அச்சேறின. ஐரோப்பியர் பேரிக்காயை விட்டுவிட்டு மலரை மட்டும் எடுத்துக்கொண்டனர். 1819-இல் பாரிசு நகரில் சார்லத் த லத்தூர் என்னும் புனைபெயரில் ‘மலர்களின் மொழி’ என்ற நூல் வெளிவந்தது. அதனைப் பின்பற்றி எத்தனையோ நூல்கள். 1884-இல் இலண்டனில் கேட் கிரீனவே என்னும் ஓவியப் பெண்மணி வெளியிட்ட சிறு நூல் பெரும்புகழ் பெற்றது. அதில் மஞ்சள் ரோசாவுக்குக் காதல் குறைதல், பொறாமை என்று பொருள் எழுதியிருக்கிறது. இன்று கடைகளில் மஞ்சள் ரோசாவை நட்பின் மலர் என்று விற்கிறார்கள்! மணங்கமழும் லாவண்டர்ப் பூவுக்கு அவ்வம்மையார் தந்த பொருள் அவநம்பிக்கை. நல்ல மணமுள்ளதாயிற்றே என்று ஒருவன் அதனைக் கட்டியனுப்பினால் அவன் கதி என்னாவது? அனுப்புவோன் ஒரு நூலும் பெறுவோள் வேறொரு நூலும் வைத்திருந்தால் என்னாகும் என்பதை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம். மலரில் பொருள் இல்லை. அனுப்புவோருக்கும் பெறுவோருக்கும் இடையேயுள்ள உடன்பாட்டிலேதான் பொருள் இருக்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலரைக் கொண்டு மனத்தைச் சொல்லும் வழக்கம் நமக்கு அச்சுயந்திரத்தோடு வந்ததன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐவகை ஒழுக்கத்துக்கும் நம் முன்னோர் இட்டவை பூவும் மரமுமாகிய பெயர்கள். குறிஞ்சி என்றால் கூடல், முல்லை என்றால் காத்திருத்தல், மருதம் ஊடல், நெய்தல் இரங்கல், பாலை பிரிதல். இவற்றை நீங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்பீர்கள். நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறே மனப்பாடம் செய்வித்தேன். அதற்காக இப்போது சற்று வருந்துகிறேன். ஏனெனில் அவை பட்டியல் அல்ல. முல்லை ஏன் காத்திருத்தலின் மலராயிற்று? அது கார்காலத்தில், மாலைப்பொழுதில் மலர்வது. கார் தொடங்குமுன் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் பிரிந்தவனுடைய வீட்டுப் புறத்தே முல்லை அரும்புகிறது என்றால், அது அழகுக்காகப் பூக்கவில்லை. அவன் சொன்ன நாள் வந்துவிட்டது என்று அறிவிக்கிறது. நமக்கு மலர் ஒரு நாட்காட்டி. ஒரு நிலப்படமும் ஆகும். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலையுச்சியிலே பூப்பது. 2006-இலும் 2018-இலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் மக்கள் திரள் திரளாகச் சென்று கண்டனர். எளிதிற் கிட்டாத மலர். எளிதிற் செல்லவியலாத இடம். ஆங்கு நிகழும் சந்திப்புக்கு அதன் பெயர் இட்டவர்கள் கண்ணால் கண்டு இட்டார்கள். நூலகத்தில் அமர்ந்து இட்டார்களில்லை.

போருக்கும் பூவுண்டு. ஆநிரை கவர்வோர்க்கு வெட்சி, மீட்போர்க்குக் கரந்தை, வென்றோர்க்கு வாகை என இது நீளும். ‘வாகை சூடினார்’ என்று விளையாட்டுச் செய்தியில் நாள்தோறும் படிக்கிறோமே, வாகைப்பூவைக் கண்டவர் உங்களுள் எத்தனை பேர்? சேரனுக்குப் பனை, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு. மூவேந்தரும் தேர்ந்துகொண்டவற்றுள் நாம் இன்று விலைகொடுத்து வாங்கும் பூ ஒன்றேனும் இல்லை என்பதைக் கவனியுங்கள். போர்க்களத்தில் இவன் யார் படையினன் என்று காட்டுவதே அவற்றின் வேலை.

அஞ்சலட்டைக்கு மிக நெருங்கிய நம் வழக்கம் ‘கையுறை’ என்பது. காதலன் காதலிக்குக் கையிற் கொண்டுவந்து தரும் பூவுக்கும் தழையாடைக்கும் அப்பெயர். உறையில்லாத அட்டைபோல இதுவும் ஊரறியக்கூடியது. குறுந்தொகையின் முதற்பாட்டிலேயே இச்செய்தி வருகிறது. தலைவன் காந்தட்பூவைக் கொண்டுவந்து நீட்டுகிறான். செங்காந்தள் இன்று தமிழ்நாட்டின் அரசு மலர்; தீக்கொழுந்துபோல் நிறம்; கிழங்கோ நஞ்சு. தோழி அதனை வாங்கவில்லை. முருகனுக்குரிய எங்கள் குன்றமும் குருதிநிறக் காந்தளை உடையதுதான் என்று மட்டும் சொல்கிறாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வைதாளும் இல்லை. உரையாசிரியர்கள் இதற்கு வேறு வகையாகவும் பொருள் கண்டிருக்கின்றனர். ஆயினும் கையுறை மறுத்தல் என்னும் பொருளிலே பார்த்தால், ஒரு பூவைத் திருப்பித் தருவதற்கு இதைக்காட்டிலும் நயமான வழி எனக்குத் தெரியவில்லை.

நற்றிணையில் கபிலர் பாட்டொன்று இதனினும் நுட்பமானது. தலைவன் தழையாடை தந்துவிட்டான். இனி என் செய்வது? உடுத்தால் தாய் ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று கேட்பாள். திருப்பிக் கொடுத்தால் தந்தவன் மனம் நோவான். இரண்டுக்கும் இடையே அத்தழை வாடிக்கொண்டிருக்கிறது. தோழியின் அச்சம் அழகைப் பற்றியதன்று. எந்த மலையில் எந்தத் தழை விளையும் என்று தாய்க்குத் தெரியும். ஆகவே அந்தத் தழை அனுப்பினவன் முகவரியைத் தன்மேல் எழுதிக்கொண்டு வந்திருக்கிறது! ஐரோப்பிய மலருக்கு அகராதி வேண்டும். நம் மலருக்கு ஊரறிவு வேண்டும்.

உயர்ந்த பூவே காதலைச் சொல்லும் என்பதும் இல்லை. காதல் கைகூடாதவன் பனைமட்டையாற் செய்த மடல்மா ஏறித் தெருவிலே வருவான். அப்போது அவன் சூடுவன எருக்கும் பூளையும் ஆவிரையும் என்று கலித்தொகை காட்டுகிறது. எவரும் விரும்பிச் சூடாத பூக்கள். ‘நாணத்தை விட்டுவிட்டேன், இனி நீங்களே முடிவு சொல்லுங்கள்’ என்று ஊராரை நோக்கி அவை பேசின. அந்தப் பூளையையும் ஆவிரையையும் வேப்பிலையோடு சேர்த்துக்கட்டிப் பொங்கலுக்கு முன்னாள் வீட்டுக் கூரையில் காப்பாகச் செருகும் வழக்கம் கொங்கு நாட்டிலும் வேறு சில பகுதிகளிலும் இன்றும் உண்டு. இளைஞன் தலையில் இருந்தால் நாணழிவு. கூரையில் இருந்தால் காப்பு. பூ ஒன்றுதான்.

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கியிருக்கிறார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பித்தபோது, அவரிடமிருந்த ஏடுகளில் அப்பகுதியிற் சில மலர்ப்பெயர்கள் காணப்படவில்லை. ஐயரவர்கள் சும்மா இருந்தாரில்லை, தேடி அலைந்தார், தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். 1889-இல் பத்துப்பாட்டு வெளிவந்தது. சில பூப்பெயர்களுக்காகவா இத்தனை அலைச்சல் என்று உங்களுக்குத் தோன்றலாம். பெயர் போய்விட்டால் அப்பூ எந்த நிலத்தது, எப்போது மலர்வது, அதனைச் சூட்டினால் என்ன பொருள் என்பதெல்லாம் உடன் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும்.

எனக்கு மிகவும் உவப்பான மலர்ச்செய்தி ஒன்று உண்டு. இதுவும் குறுந்தொகையில் வருவது. தலைவன் சொன்ன பருவம் வந்துவிட்டது, கொன்றை சரம்சரமாகப் பூத்துவிட்டது, அவன் வரவில்லை. தலைவி அப்பூவைப் பார்த்து நடுங்குகிறாள். அப்போது தோழி, ‘இக்கொன்றை மரங்கள் அறிவில்லாதவை. காலமல்லாத காலத்தில் பெய்த மழையைக் கார் என்று மயங்கிப் பூத்துவிட்டன’ என்கிறாள். கார்காலம் வந்துவிட்டது என்பது தோழிக்கு நன்றாகத் தெரியும். பூவின் பொருளை அவள் அறியாதவளல்லள். அறிந்தே தவறாகப் படிக்கிறாள். ஏனெனில் படிப்பது யார் காதில் விழும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மரத்தின்மேல் பழியைப் போட்டு ஒரு பெண்ணுக்குச் சில நாள் உயிர்ப்பு வாங்கித் தருகிறாள்.

இப்பாட்டை நான் வகுப்பிலே நன்றாக நடத்துவேன் என்று மாணவர்கள் சொல்வதுண்டு. ஆனால் என் வாழ்வில் ஒரு பூவைப் படிக்கவேண்டி வந்தபோது நான் என்ன செய்தேன் என்பதை இங்கே மறைத்துப் பேசுவது முறையன்று.

பொங்கல் வாழ்த்து அட்டைகளை உங்கள் பெற்றோர் அறிவர். சிவகாசியில் அச்சாகி, மார்கழி பிறந்தவுடன் பெட்டிக்கடைதோறும் கயிற்றிலே தொங்கும். கரும்பும் பானையும் ஏரும் எருதும் போட்டவை ஒரு வகை. திரைப்பட நடிகர் படம் போட்டவை ஒரு வகை. பனித்துளி தங்கிய ரோசாப்பூ மட்டும் போட்டவை ஒரு வகை. பொங்கலுக்கும் ரோசாவுக்கும் என்ன உறவு? ஓர் உறவும் இல்லை. ஐரோப்பிய வாழ்த்து அட்டையில் குடியிருந்த பூ, அச்சுத்தொழிலோடு கப்பலேறி வந்து நம் கரும்புக்கருகே அமர்ந்துகொண்டது. கடையில் எது கண்ணுக்கு அழகாகவும் விலை மலிவாகவும் இருந்ததோ அதனையே பிள்ளைகள் வாங்கினர். இன்று நீங்கள் கைப்பேசியில் ரோசாப் படத்தை ஆசிரியருக்கும் அத்தைக்கும் ஒருங்கே அனுப்புகிறீர்கள் அல்லவா, அதுபோலத்தான்.

1994-ஆம் ஆண்டு, பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியனாக இருந்தேன். வீட்டுப்பாடக் குறிப்பேடுகளைத் திருத்தும்போது ஒரு மாணவியின் ஏட்டிலிருந்து அத்தகைய அட்டை ஒன்று விழுந்தது. சிவப்பு ரோசா. உள்ளே பொங்கல் வாழ்த்து அச்சிட்டிருந்தது. அதன்கீழ் ‘என்றும் உன் நினைவில்’ என்று கையெழுத்து. பெயருக்குப் பதிலாக ஓரெழுத்து. அந்த எழுத்தில் தொடங்கும் பெயருடைய மாணவன் ஒருவன் அவ்வகுப்பிலேயே இருந்தான். எனக்கு அதற்குமேல் சான்று வேண்டியிருக்கவில்லை. சிவப்பு ரோசாவுக்குப் பொருள் ஒன்றுதானே! மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் சொல்ல வாயெடுத்தாள். நான் பேசவிடவில்லை. தந்தையை வரவழைத்தேன். அவர் முன்னிலையில் அட்டையைக் கிழித்தேன். ஒழுக்கத்தைக் காத்துவிட்டதாகவே அன்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் அப்பெண் பள்ளிக்கு வரவில்லை. பொதுத்தேர்வுக்கு இரண்டே மாதம் இருந்தது. நன்றாகப் படிக்கக்கூடியவள், கணக்கிலே கைதேர்ந்தவள். தேர்வுக்காவது அனுப்புங்கள் என்று தந்தையிடம் இருமுறை சென்று கேட்டேன். அவர் என்னை அமரச்செய்து மோர் கொடுத்து, ‘நீங்கள் செய்தது சரிதான் ஐயா, மேலும் படித்து என்னாகப்போகிறது’ என்று அடக்கமாக மறுத்துவிட்டார். நான் காட்டிய அச்சத்தை அவர் என்னிலும் உறுதியாகப் பற்றிக்கொண்டார். அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்?

அந்த ஆண்டு முடிவதற்குள் உண்மை தெரிந்தது. ஒன்பதாம் வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த பெண்ணொருத்தியின் குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூருக்குக் குடிபெயர்ந்திருந்தது. அட்டை அனுப்பியவள் அவள். கடையில் கயிற்றில் தொங்கியவற்றுள் அழகானதைத் தேர்ந்து, இருவரும் தமக்குள் வழங்கிய ஓரெழுத்தை இட்டு அனுப்பியிருக்கிறாள். அந்த மாணவன் இதில் யாதொன்றும் அறியாதவன். அப்பிள்ளை மாதக்கணக்கில் என் முகத்தைப் பார்க்காமல் தலைகுனிந்து நடந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

பான்சியும் நீலப்பூவும் அச்சிட்ட அட்டையைப் புதுச்சேரிப் பெரியவரிடம் நான் காட்டியது இதற்குப் பின்னரே. இரு பெண்களின் அட்டையும் அதனையே சொல்லிற்று. நான் நினைக்கிறேன், நீ மறவாதே. காதலுக்கும் நட்புக்கும் அம்மலர்மொழியில் சொல் வேறல்ல. அனுப்பியவர் யார் என்று கேட்டறிவது ஒன்றே வழி. கேட்பதற்கு எனக்குக் கால் நாழிகைகூட ஆகியிராது.

2009-ஆம் ஆண்டில் நான் வேறொரு பள்ளியில் தலைமையாசிரியனாக இருந்தேன். ஜூன் மாதச் சேர்க்கைக்கு வந்த தாய்மாருள் ஒருத்தி என்னைப் பார்த்துக் கைகூப்பினாள். உடனே தெரிந்துகொண்டேன். மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்திருந்தாள். நான் எழுந்து நின்றேன். சொல்லவேண்டியவற்றை ஒருவாறு சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, ‘அந்த அட்டையை நீங்கள் வைத்திருப்பீர்களோ என்று நினைத்தேன், ஐயா. அவளுடைய புது முகவரி அதில்தான் இருந்தது’ என்றாள்.

‘கிழித்துவிட்டேன், அம்மா’ என்றேன்.

அது அவளுக்கும் தெரியும். எதிரில் நின்றவள் அல்லவா. இரு துண்டுகளையாவது நான் எடுத்து வைத்திருக்கலாம் என்று பதினைந்து ஆண்டுகள் எண்ணியிருக்கிறாள். மகளை அருகே அழைத்து என் மேசைமேலிருந்த சேர்க்கைப் படிவத்தை வாங்கிக்கொண்டாள். பேனா கேட்டாள். கொடுத்தேன். அழகான கையெழுத்தில் மகளின் பெயரை எழுதத் தொடங்கினாள்.